உயிரி மின் நிலையம், நான்கு அறைகள்

காலையில் வீட்டில் குடிக்கும் அரை டம்ளர் காப்பியோடு ஞானகுமாரிக்கு அன்றைய தண்ணீர்க் கணக்கு முடிந்துவிடும். சாயங்காலம் பஸ் பிடித்து ஆவடியில் இறங்கி, வீட்டுக்குள் நுழைந்து, பின்கட்டுக்கு ஓடி, திரும்பி வந்த பிறகுதான் சொம்பைக் கையில் எடுப்பாள். முத்தாபுதுப்பேட்டை போகிற சாலையில் இருந்த அந்தப் பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் அவள் அறிவியல் ஆசிரியை. அங்கே நானூற்றுப் பன்னிரண்டு மாணவிகளும் பதினோரு ஆசிரியைகளும் இப்படித்தான் நாளை ஓட்டினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஆறாம் வகுப்புக்குள் நுழைந்த முதல் வாரத்தில் எல்லாப் பெண்களும் கற்றுக்கொண்டுவிடுகிற பாடம் அது.

பள்ளிக்குப் பின்புறம் இரண்டு கழிப்பறைகள் இருப்பதாகப் பதிவேடு சொல்லியது. உண்மையில் இருக்கவும் இருந்தன. ஒன்றுக்குக் கதவு இல்லை. மற்றதற்குக் கதவு இருந்தது, கூரை இல்லை. இரண்டுக்கும் தண்ணீர் இல்லாததால் ஆயா எல்லம்மா ஒன்றில் துடைப்பங்களையும் மற்றதில் கால் உடைந்த பெஞ்சுகளையும் போட்டு வைத்திருந்தாள். பெரிய வகுப்புப் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கு வருவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் சிலர் அந்த மூன்று நாளைக்குப் பிறகு வராமலே நின்றுபோனார்கள்.

ஞானகுமாரி மூன்று வருடங்களில் மூன்று விண்ணப்பங்கள் எழுதினாள். தலைமையாசிரியை ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எதிலும் கையெழுத்துப் போட விரும்பாமல், "நீங்களே தாளாளர்கிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். தாளாளர் மணவாளன் மூன்றையும் வாங்கிப் படித்தார். மூன்றின் மேலும் பச்சை மையில் 'ஆவன செய்க' என்று எழுதினார். யார் செய்க என்பதை மட்டும் எழுதவில்லை.

மணவாளன் கெட்டவர் இல்லை. ஊரைச் சுற்றியிருந்த அவருடைய கழனிகளெல்லாம் பிளாட்டுகளாகி விலைபோன காலத்திலும், அவர் தாத்தா பள்ளிக்கு விட்ட நிலத்தில் ஒரு சாண்கூட விற்காமல் காத்தவர். ஆனால் அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது.

"இன்னாம்மா டீச்சர், பள்ளிக்கூடம்னா சரசுவதி கீற இடம். அங்க போயி அத்த கட்டுன்னு சொல்றியே. எங்க காலத்துல பொண்ணுங்க மத்தியானம் ஊட்டுக்குப் போய் வந்துடும்."

"இப்ப பாதிப் பொண்ணுங்க அயனம்பாக்கத்துலேர்ந்தும் அம்பத்தூர்லேர்ந்தும் பஸ்ல வருது சார்."

"பார்ப்போம்" என்றார் அவர்.

தொண்ணூற்றிரண்டாம் வருடம் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குச் சுற்றறிக்கை வந்தது. அந்த வருடத் தலைப்பு மாற்று எரிசக்தி. எல்லாப் பள்ளிகளும் சூரிய அடுப்பு செய்யப்போகின்றன என்பது ஞானகுமாரிக்குத் தெரியும். அட்டைப்பெட்டிக்குள் வெள்ளித்தாள் ஒட்டி முட்டை அவிப்பார்கள். போன முறையும் முட்டைதான் அவிந்தது. அவள் நூலகத்தில் பழைய அறிவியல் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்க ஓரத்தில் பத்து வரிச் செய்தி கண்ணில் பட்டது. கழிவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் தின்னும்போது எலக்ட்ரான்களை வெளியே தள்ளுகின்றன. அவற்றை ஒரு கரித்தண்டு வழியாகப் பிடித்து, உப்புத் தண்ணீரில் நிற்கும் இன்னொரு கரித்தண்டுக்கு ஓடவிட்டால் மின்சாரம் வருகிறது. வெளிநாட்டுச் சோதனைச்சாலை ஒன்றில் செய்து பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான் செய்தி. ஞானகுமாரி அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் கணவன் கிறிஸ்துதாஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். தீர்ந்துபோன டார்ச் செல்களை எங்கெங்கோ சேகரித்து, உடைத்து, உள்ளே இருந்த கரித்தண்டுகளை எடுத்துக் கழுவிக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கொடுத்தான். ஆறு சின்ன மண்பானைகள், ஆறு பிளாஸ்டிக் வாளிகள், ஒரு மூட்டை உப்பு. எல்லாம் கிடைத்தன. கிடைக்காதது ஒன்றுதான். நானூறு பேர் இருக்கும் பள்ளியில் அரை வாளிக் கழிவுக்கு வழியில்லை.

கழிவுநீர் லாரி ஓட்டும் முனியனை எல்லம்மாதான் அழைத்துவந்தாள். அவன் லாரியைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, ஞானகுமாரி சொன்னதை முழுவதும் கேட்டான்.

"இதுலேர்ந்து கரண்ட் வருமா டீச்சர்?"

"கொஞ்சமா வரும்."

"பன்னெண்டு வருசமா ஏரிக்கு அந்தாண்ட கொண்டுபோய் கொட்டிகினு கீறேன். அம்மாங் கரண்ட்டயும் நான்தான் கொட்டிட்டேனா?" என்று கேட்டு, தலையைச் சொறிந்துகொண்டே வாளியை வாங்கிப் போனான்.

பானைக்குள் கழிவு, அதற்குள் ஒரு கரிக்கட்டு, வாயை மெழுகால் அடைத்தாயிற்று. பானையை உப்புத் தண்ணீர் வாளிக்குள் இறக்கி, வாளியில் இன்னொரு கரிக்கட்டு. நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாம் நாள் பௌதிக அலமாரியிலிருந்து எடுத்த வோல்ட்மீட்டரின் முள் சோம்பல் முறிப்பது போல லேசாக நகர்ந்தது. பத்தாம் நாள் ஆறு பானைகளையும் வரிசையாகக் கம்பியால் இணைத்து, ரேடியோவில் எரியுமே, அந்தச் சின்னச் சிவப்பு விளக்கைக் கோத்தாள். அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஓட்டை வழியாகப் பார்த்தால் குங்குமப் பொட்டு அளவில் சிவப்பாகத் தெரிந்தது. எல்லம்மா ஓட்டையில் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"பீயில எரியுதுன்னு சொன்னா எவன் நம்புவான்" என்றாள், மரியாதையோடு.

விளக்கப்படத்தின் தலைப்பில் 'மனிதக் கழிவிலிருந்து மின்சாரம்' என்று இருந்தது. மணவாளன் 'மனிதக் கழிவு' என்பதை அடித்து, பச்சை மையில் 'உயிரிப் பொருள்' என்று திருத்தினார்.

பூவிருந்தவல்லியில் நடந்த கண்காட்சியில் பதினேழு சூரிய அடுப்புகள் இருந்தன. அன்று பார்த்து மழை மூட்டம். ஒரு முட்டையும் அவியவில்லை. வெயில் இல்லாமல் எரிந்த ஒரே விளக்கு ஞானகுமாரியின் பெட்டிக்குள் இருந்தது. முதல் பரிசை அறிவித்த அதிகாரி ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "பிரமாதம். உங்க பள்ளிக் கழிப்பறையிலேர்ந்தே எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

ஞானகுமாரி வாயைத் திறப்பதற்குள், பட்டு வேட்டியில் பக்கத்தில் நின்ற மணவாளன், "ஆமாங்க, எல்லாம் நம்ம பள்ளிக்கூடத்து உற்பத்திதான்" என்றார்.

"அப்போ நிரந்தரமாவே நிறுவிடலாமே. மார்ச்சுல எங்க துறையிலேர்ந்து வந்து பார்ப்போம். மாதிரிப் பள்ளின்னு எழுதிடலாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் மணவாளன் விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். ஆவடி வந்ததும், "டீச்சர், அதுக்கு எத்தினி ரூமு வேணும்?" என்று கேட்டார்.

மூன்று வருடம் விண்ணப்பத்துக்குள் அடங்கிக் கிடந்த கட்டடம் ஐந்து வாரத்தில் எழுந்தது. நாலு அறைகள், வெள்ளை டைல்ஸ், மேலே தண்ணீர்த் தொட்டி, மோட்டார், நாலு கதவுக்கும் உள்தாழ்ப்பாள். ஒட்டினாற்போல ஒரு சின்ன அறையில் பன்னிரண்டு பானைகள். கழிவுத் தொட்டியிலிருந்து அந்த அறைக்கு ஒரு குழாய். திங்கள்கிழமைதோறும் ஞானகுமாரியே ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு குழாயைத் திறந்து பானைகளை நிரப்பவேண்டும். இந்த வேலையை எல்லம்மாவிடம் விட அவள் ஒப்பவில்லை. வாசலுக்கு மேல் சிவப்பு விளக்கு. அதன் கீழே நீலப் பலகையில் வெள்ளை எழுத்து: உயிரி மின் நிலையம்.

கழிப்பறை என்ற சொல் கட்டடத்தில் எங்கும் இல்லை. சரசுவதிக்கு அதனால் ஆட்சேபணை இருக்காது என்று மணவாளன் நினைத்திருக்கலாம்.

முனியன் கொண்டுவந்த ஒரு லோடில் நிலையம் தொடங்கிவைக்கப்பட்டது. விளக்கு எரிந்தது. தேங்காய் உடைத்தார்கள். உடைத்த கையோடு மணவாளன் நாலு அறைகளையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சார், பூட்டிட்டீங்களே."

"மார்ச்சுல ஆளுங்க வர்றாங்க இல்ல? நானூறு பொண்ணுங்க உள்ள போனா டைல்ஸ் இன்னாத்துக்கு ஆவும்?"

ஞானகுமாரி அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கணவனிடம் சொன்னால் சிரிப்பானா கோபப்படுவானா என்று யோசித்துக்கொண்டு போனாள். கிறிஸ்துதாஸ் இரண்டையும் செய்துவிட்டு, "உன் பாக்டீரியா சும்மா இருக்குமா? அதுக்குப் பசிக்கும்ல?" என்று கேட்டான்.

பசித்தது. மூன்றாம் வாரம் விளக்கு மங்கியது. நாலாம் வாரம் அணைந்தது. மணவாளன் ஆளனுப்பினார்.

"இன்னாம்மா ஆச்சி? கரண்ட் நின்னுபோச்சி."

"தீனி இல்ல சார்."

"அவ்ளோதானே. முனியனை வாரத்துக்கு ஒரு லோடு கொண்டாரச் சொல்லு."

ஞானகுமாரி ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள். பொய் சொன்னவர்களுக்கு என்னவாயிற்று என்று வேதத்திலிருந்து கதைகதையாகச் சொல்லக்கூடியவள். அந்தக் கதைகளில் ஒன்றுகூட அப்போது அவளுக்கு நினைவு வரவில்லை.

"வெளியிலேர்ந்து வர்றது ஒத்துக்காது சார். ஒவ்வொரு இடத்துக் கிருமியும் வேற சாதி. அதிகாரிங்க கருவி வச்சுப் பாத்தாங்கன்னா தெரிஞ்சுபோயிடும், இது இந்தப் பள்ளிக்கூடத்து உற்பத்தி இல்லைன்னு."

மணவாளனின் கை தன்னையறியாமல் இடுப்புச் சாவியைத் தொட்டது.

"அப்போ?"

"இங்கயே உற்பத்தி ஆகணும். தினமும். அன்னன்னிக்குப் புதுசா. தண்ணியும் நிறைய ஊத்தணும், இல்லேன்னா கிருமி செத்துடும்."

"எத்தினி பேரு போதும்?"

"நானூறு பேர் இருந்தா விளக்கு நல்லா எரியும் சார்."

அன்றே உட்கார்ந்து 'நிலைய இயக்க விதிமுறைகள்' என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். காலை பத்தே முக்காலுக்கும் மதியம் இரண்டேகாலுக்கும் மின் உற்பத்தி இடைவேளை. ஒவ்வொரு வகுப்பும் முறைவைத்து வரவேண்டும். உற்பத்தி குறையாதிருக்க மாணவிகள் நாளொன்றுக்குக் குறைந்தது நாலு டம்ளர் தண்ணீர் குடிக்கவேண்டும்; அதற்கு வகுப்புக்கு ஒரு குடம் வைக்கவேண்டும். பெரிய வகுப்புகளுக்கென்று மூடி போட்ட குப்பைத் தொட்டி ஒன்றும் தேவை, காரணம், தொழில்நுட்பம். மணவாளன் கடைசிச் சொல்லில் கொஞ்சம் நின்று, பிறகு கையெழுத்திட்டார். இம்முறை 'ஆவன செய்க' என்று எழுதவில்லை. எல்லம்மாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

பத்தே முக்கால் மணி அடித்ததும் எல்லம்மா வகுப்பு வாசல்களில் நின்று, "வாங்கம்மா, வாங்க, கரண்ட் எடுக்க வாங்க" என்று கூப்பிட்டாள். முதல் நாள் பெண்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள். இரண்டாம் வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "டீச்சர், அவசரமா மின் உற்பத்தி" என்று கணக்கு வகுப்பில் ஒருத்தி எழுந்து நின்றால், கணக்கு டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பாமலே போகச் சொன்னாள். அந்த மாதம் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் வராத மூன்று நாளுக்கான சுழிகள் பாதியாகக் குறைந்திருந்தன. ஞானகுமாரி அதைப் பார்த்தாள். ஆசிரியைகள் அறையில் வைத்த குடத்திலிருந்து ஒரு முழு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தாள். பன்னிரண்டு மணி வெயிலில் அது எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

வாசலில் விளக்கும் மறுபடி எரியத் தொடங்கியது.

மார்ச் மாதம் அதிகாரி வரும் தேதி உறுதியானது. அதற்குப் பத்து நாள் முன்பு மணவாளன் எல்லம்மாவிடம், "ஒரு வாசனை வரக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எல்லம்மா சொன்னதைச் செய்கிறவள். கேன் கேனாக பினாயில் வாங்கி, காலையும் மாலையும் நாலு அறையிலும் ஊற்றினாள். போதாதோ என்று ஆசிடும் ஊற்றினாள். திங்கள்கிழமை ஞானகுமாரி பானைகளை நிரப்பக் குழாயைத் திறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தா போல மணத்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள், ஒரே கம்பியில் கோத்த பன்னிரண்டில் ஆறு பானைகள் நிரம்பிவிட்டிருந்தன. புதன்கிழமை வோல்ட்மீட்டர் முள் சுழியில் படுத்துவிட்டது.

"எல்லம்மா, இவ்வளவு பினாயிலா ஊத்துவே? கிருமியெல்லாம் செத்துபோச்சு."

"கிருமி சாவத்தானே டீச்சர் பினாயிலு? டப்பாலயே எழுதி கீதே."

ஞானகுமாரி நேராக மணவாளனிடம் போய், நாளை விளக்கு எரியாது, தேதியை மாற்றிக் கேளுங்கள் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எரியும், போம்மா" என்றார்.

மறுநாள் காலை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இதுவரை எரியாத பிரகாசத்தில் எரிந்தது. பட்டப்பகலில், கேட்டிலிருந்தே தெரிந்தது. ஞானகுமாரி ஸ்டூல் போட்டு ஏறி நீலப் பலகைக்குப் பின்னால் பார்த்தாள். புத்தம்புது பென்சில் செல்கள் இரண்டு, இன்சுலேஷன் டேப்பால் ஒட்டியிருந்தன. அவற்றைப் பிய்த்துவிடலாமா என்று கையை நீட்டியபோது கேட்டில் ஜீப் சத்தம் கேட்டது. ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டாள்.

ஜீப்பிலிருந்து இறங்கியது கண்காட்சியில் பரிசு அறிவித்த அதே அதிகாரிதான்; முகம் சரியில்லை. திருவேற்காட்டிலிருந்து ஆவடி வரை மூன்று இடத்தில் ஆய்வு, மூன்று இடத்திலும் இளநீர். சந்தனம் கொடுக்க வந்த பெண்களைத் தாண்டி மணவாளனிடம் குனிந்து ஏதோ கேட்டார். மணவாளன் எல்லம்மாவைப் பார்த்தார். எல்லம்மா அவரை முதல் அறைக்கு அழைத்துப்போய் விட்டுவிட்டு, வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். வரவேற்புப் பாட்டை ஆரம்பித்துவிட்டிருந்த பெண்கள் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் முதல் சரணத்தையே மூன்று முறை பாடினார்கள்.

வெளியே வந்தபோது அவர் வேறு மனிதராக இருந்தார்.

"எங்க ஆபீஸ்லகூட இப்படி இல்லீங்க" என்றார். "தண்ணி வருது. தாழ்ப்பாள் விழுது." கொஞ்ச நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, வந்த வேலை ஞாபகம் வந்தவராக நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். "இதுதானா? நல்லாவே எரியுதே. பானையிலேர்ந்துதான் வருதா டீச்சர்?"

மணவாளன் தூரத்தில் நின்ற வேப்ப மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஞானகுமாரி அவரைப் பார்த்தாள், எல்லம்மாவைப் பார்த்தாள். ஒரு பொய்க்குத்தான் அவளிடம் இடம் இருந்தது. அது ஏற்கெனவே செலவாகிவிட்டது.

"இன்னைக்கு இல்ல சார். பினாயில் உள்ள போனதால பானை வேலை செய்யல. இது பென்சில் செல். ரெண்டு மூணு வாரத்துல பானை சரியாயிடும்."

அதிகாரி கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"விளக்கு எரிகிறதா, ஆம், இல்லைன்னு போட்டிருக்கு. இல்லைன்னா நீங்க மூணு பிரதியில விளக்கம் எழுதணும். நான் மறுபடியும் வரணும். அதுக்குள்ள கட்டடத்தை வேற உபயோகத்துக்கு மாத்தச் சொல்லி எவனாவது எழுதுவான்." கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "விளக்கு எரியுதா, இல்லையா?"

"எரியுது சார்."

"அதைத்தான் கேட்டிருக்கான்" என்று ஆம் என்பதில் டிக் அடித்தார். கிளம்பும்போது மணவாளனிடம் அனுமதி கேட்டு இன்னொரு முறை முதல் அறைக்குப் போய்விட்டு வந்தார். வேலப்பன்சாவடி தாண்டும்வரை வழியில் ஒன்றும் கிடையாதாம்.

மாதிரிப் பள்ளிச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தாளாளர் அறையில் மாட்டப்பட்டது. அவளிடம் மணவாளன் அந்தப் பென்சில் செல் பேச்சை எடுக்கவே இல்லை. அவளும் எடுக்கவில்லை. ஆனால் பினாயிலை வாரம் ஒரு மூடி என்று குறைத்து, பானைகளைக் கொட்டிக் கழுவி மறுபடி நிரப்பினாள். பத்தொன்பதாம் நாள் வோல்ட்மீட்டர் முள் எழுந்தது. அவள் பலகைக்குப் பின்னாலிருந்த செல்களைக் கழற்றிவிட்டுப் பானைகளின் கம்பியை விளக்கில் இணைத்தாள். எரிந்தது. வெயிலில் உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டு பார்த்தால் தெரிந்தது. அவள் அப்படியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் மணவாளன் வந்து நின்றார்.

"இன்னாம்மா, அழுது வடியுது?"

"இப்பதான் சார் நெஜமா எரியுது. பானையிலேர்ந்து."

அவரும் கையைக் குவித்துப் பார்த்தார். ஒப்புக்கொள்வது போலத் தலையை ஆட்டினார். "நெஜந்தான். ஆனா நாலு பேரு வந்து பாக்குற எடம் பாரு" என்று சொல்லிவிட்டு, ஜிப்பாப் பையிலிருந்து புதுச் செல்கள் இரண்டை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் பானைகளின் கம்பியை உள்ளே வோல்ட்மீட்டரோடு இணைத்துவிட்டு, வாசல் விளக்குக்குச் செல்லைப் போட்டாள். ஐந்து நிமிட வேலை.

நாலு பேர் வரத்தான் செய்தார்கள். மாதிரிப் பள்ளியைப் பார்த்து வரும்படி மற்றப் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை போயிருந்தது. தலைமையாசிரியர்கள் வந்து விளக்கைப் பார்த்துத் தலையசைத்து, சுண்டல் சாப்பிட்டுப் போனார்கள். ஜூலையில் ஒரு நாள் வேலப்பன்சாவடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் இளம் ஆசிரியை தனியாக வந்தாள். நோட்டுப் புத்தகத்தில் எத்தனை பானை, எத்தனை வோல்ட் என்றெல்லாம் ஒழுங்காகக் குறித்துக்கொண்டாள். பிறகு பேனாவை மூடி, கதவுகள் வரிசையைப் பார்த்தபடி தயங்கி நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? எங்க ஸ்கூல்ல வச்சா... கரண்ட் சரியா வரலைன்னா பரவாயில்லையா?"

ஞானகுமாரி அவளுடைய உலர்ந்த உதடுகளைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு. காலையிலிருந்து இந்தப் பெண் என்ன குடித்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

"முதல்ல போயிட்டு வாங்க. ரெண்டாவது ரூம் காலியா இருக்கு" என்றாள். "அப்புறம் தண்ணி குடிச்சிட்டு உக்காந்து பேசலாம். விதிமுறை ரெண்டு பக்கம் இருக்கு. உங்க தாளாளர் எப்படிப்பட்டவர்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி எழுதிக்கலாம்."